ஒரு வாரத்தை வாடகைக்கு எடுக்கலாமா, அக்கா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, ஒரே விஷயத்தைப் பற்றியவை: டைம்ஷேர் எனப்படும் விடுதி வாரம். ஒருவர் வாடகைக்கு எடுக்க நினைக்கிறார், ஒருவர் வாடகைக்கு விட நினைக்கிறார், இன்னொருவர் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிற நேரம் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கே முழு இடமும் கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, வணக்கம். வீட்டுக்காரர் இங்கே செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு மாமியார், நாத்தனார் குடும்பம், நாங்கள் எல்லாரும் சேர்ந்து கேமரன் மலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு. ஹோட்டலில் விசாரித்தால் ஓர் அறை ஓர் இரவுக்கு 350 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) குறையவில்லை. எங்களுக்கு மூன்று அறையாவது வேண்டும். முகநூலில் ஒருவர், தனக்கு அங்கே டைம்ஷேர் இருக்கிறது, இரண்டு படுக்கையறை, சமையலறை, ஏழு இரவுக்கு 1,500 வெள்ளி என்று போட்டிருந்தார். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பேசினேன். மரியாதையாகப் பேசுகிறார். வீட்டின் படங்களையும் தன் உறுப்பினர் அட்டையின் படத்தையும் அனுப்பினார். முழுப் பணத்தையும் முதலிலேயே போட்டால்தான் எடுத்து வைப்பேன் என்கிறார். போனஸ் வந்ததும் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். போடலாமா? டைம்ஷேர் என்றால் என்ன என்பதே எனக்குச் சரியாகப் புரியவில்லை. – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முழுப் பணத்தையும் முதலிலேயே போட்டுவிடாதீர்கள், தங்கச்சி. அந்த மனிதரை மோசக்காரர் என்று சொல்ல வரவில்லை. உண்மையான உறுப்பினராகவே இருக்கலாம். ஆனால் பேச்சை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பெயர் விடுதியின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிவிட்டது என்பதை விடுதிக்காரர்கள் வாயாலேயே நீங்கள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பணம். கேமரன் மலையில் ஒரு விடுதியின் முகப்பில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது உங்கள் சுங்கை சிப்புட்டிலேயே குடியிருப்பவள் நான். அந்த விடுதியில் நிறைய வீடுகள் டைம்ஷேர் உறுப்பினர்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உறுப்பினரிடம் நேராக வாடகைக்கு எடுத்து வந்து, ஒரு வாரம் நிம்மதியாகச் சமைத்துச் சாப்பிட்டுத் திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ உண்டு. பெட்டி படுக்கையோடு முகப்பில் நின்று அழுதவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம், கிளம்பும் முன் விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போட்டார்களா இல்லையா என்பதுதான்.

முதலில் டைம்ஷேர். வீட்டை வாங்குவது அல்ல. வருஷத்தில் ஒரு வாரம் அங்கே தங்கும் உரிமையை வாங்குவது. நம் மலேசியாவில் பெரும்பாலும் இருபது, முப்பது வருஷ ஒப்பந்தமாக இருக்கும். சேரும்போது ஒரு பெரிய தொகை கட்ட வேண்டும். அதற்குப் பிறகு, போனாலும் போகாவிட்டாலும் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. உங்களுக்குக் குறைந்த விலை சொன்னதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். போக முடியாத வருஷத்தில் அந்தக் கட்டணமாவது கைக்குத் திரும்பட்டும் என்று நினைக்கும் உறுப்பினர்கள் நிறையப் பேர். ஆகவே விலை குறைவு என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. சிலருக்கு வருஷா வருஷம் ஒரே வாரம் நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஆண்டை 1 முதல் 52 வரை எண் போட்டுப் பிரித்து, ‘எனக்கு 51-ஆவது வாரம்’ என்பார்கள். சிலருக்கு நிலையான வாரம் கிடையாது; காலியாக இருக்கும் வாரத்தைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிலருக்குப் புள்ளிக் கணக்கு; கையில் உள்ள புள்ளிகளைக் கொடுத்து வாரத்தைப் பதிவு செய்ய வேண்டும். நிலையான வாரக்காரர் கையில் வாரம் ஏற்கெனவே இருக்கிறது. மற்ற இரண்டு வகையினருக்கு அப்படி இல்லை. பள்ளி விடுமுறை வாரங்களுக்கு உறுப்பினர்களுக்குள்ளேயே பெரிய போட்டி. இன்னும் கைக்கு வராத வாரத்தை, எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் விளம்பரம் செய்து பணம் வாங்கிவிட்டு, பிறகு கிடைக்காமல் கையைப் பிசைந்தவர்களும் உண்டு. அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். ஆனாலும் உங்கள் விடுமுறை போனது போனதுதான். அதனால் அவரிடம் முதலில் கேளுங்கள்: “இந்த வாரம் உங்கள் பேரில் பதிவாகிவிட்டதா, இனிமேல்தான் பதிவு செய்யப் போகிறீர்களா?”

இரண்டாவதாக: “இது உங்கள் சொந்த விடுதியின் வாரமா, மாற்றி வாங்கியதா?” உறுப்பினர்கள் தங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் ஒரு வாரம் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1974-இல் தொடங்கிய ஆர்.சி.ஐ., 1976-இல் தொடங்கிய இன்டர்வெல் இன்டர்நேஷனல் ஆகிய இரண்டும் இந்த மாற்று வேலையைச் செய்யும் பெரிய நிறுவனங்கள். அப்படி மாற்றி வாங்கிய வாரத்தை உறவினருக்கோ நண்பருக்கோ விருந்தினர் சான்று எடுத்துக் கொடுக்கலாம். காசுக்கு விடக் கூடாது என்பது அவர்களுடைய விதி. தெரிந்தால் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். “கவுண்டர்ல கேட்டா என் தங்கச்சின்னு சொல்லுங்க” என்று அவர் சொன்னால், அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். பொய் சொல்லி உள்ளே போய், பிள்ளைகளோடு பயந்துகொண்டே ஏழு நாள் தங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. சொந்த வாரமாகவே இருந்தாலும் வாடகைக்கு விடுவது சில டைம்ஷேர் மன்றங்களின் (கிளப்புகளின்) விதியில் அனுமதிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் இருக்காது. ‘விருந்தினரை அனுப்பலாம்’ என்ற ஷரத்து இருக்கிறதா என்று அவருடைய ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையானவருக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை.

இப்போது அந்தத் தொலைபேசி அழைப்பு. எண்ணை அவரிடம் வாங்காதீர்கள். விடுதியின் சொந்த வலைத்தளத்தில் நீங்களே தேடி எடுங்கள். கூப்பிட்டவுடன், “இன்னார் உங்கள் உறுப்பினரா?” என்று கேட்டால் பதில் வராது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் ஓர் உறுப்பினரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் சொல்ல மாட்டார்கள். நானும் சொன்னதில்லை. அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். உறுப்பினர் தன் கணக்கிலிருந்து உங்களை விருந்தினராகப் பதிவு செய்யட்டும். விடுதி அனுப்பும் உறுதிக் கடிதத்தை உங்களுக்கு அனுப்பட்டும். பிறகு நீங்கள் கூப்பிட்டு, உறுதி எண்ணைச் சொல்லி, உங்கள் பெயரைச் சொல்லி, இந்தத் தேதியில் என் பெயருக்குப் பதிவு இருக்கிறதா, எந்த வகை வீடு, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். இது உங்கள் சொந்தப் பதிவு பற்றிய கேள்வி. பதில் சொல்வார்கள். கூடவே, இந்தப் பதிவில் கட்ட வேண்டிய பாக்கி ஏதாவது நிற்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். உறுப்பினர் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் வைத்திருந்தால், கடிதம் கையில் இருந்தாலும் முகப்பில் சாவி கொடுக்க மாட்டார்கள்.

உறுதிக் கடிதத்தின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்துவிட்டு நம்பிவிடக் கூடாது. ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. செக்-இன் நேரம். சுங்கைப்பட்டாணியிலிருந்து நம் ஆட்கள், வேனில் வந்து இறங்கினார்கள். அரிசி மூட்டை, ரைஸ் குக்கர், பாட்டிக்குக் கம்பளி, கோழிக்கறியை முதல் நாளே வறுத்து ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்தார்கள். அந்த அம்மா கைப்பேசியை நீட்டினார். விடுதியின் சின்னம் அப்படியே இருந்தது, வீட்டு எண் கூட இருந்தது. உறுதி எண்ணைத் தட்டிப் பார்த்தேன், வரவில்லை. மறுபடி பார்த்தேன். எங்கள் உறுதி எண்களைவிட ஓர் இலக்கம் குறைவு. யாருக்கோ போன பழைய கடிதத்தை எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி, எண்ணையும் கையால் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பள்ளி விடுமுறை, விடுதி நிறைந்திருந்தது. வராந்தாவில் பாட்டியை உட்கார வைத்துவிட்டு தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று நாங்களே சுற்றிலும் தொலைபேசி போட்டு, இரவு ஏழு மணிக்கு இரண்டு அறை பிடித்துக் கொடுத்தோம். வாரத்துக்கு என்று கொடுத்த பணம் போய்விட்டது. ஒரு நிமிஷம் விடுதிக்குக் கூப்பிட்டிருந்தால் அவர்கள் சுங்கைப்பட்டாணியை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பெயர் விஷயத்தில் நம் பெண்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலும் உண்டு. வெளியே நாம் கணவர் பெயரைச் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம், ஐ.சி. என்னும் அடையாள அட்டையில் தகப்பனார் பெயர்தான் ஏ/பி (மகள்) போட்டு இருக்கிறது. உறுப்பினர் புலனத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து அப்படியே பதிவு செய்துவிடுவார். முகப்பில் ஐ.சி.யை நீட்டும்போது பொருந்தாது. ஐ.சி.யில் இருக்கிறபடி, எழுத்துக்கு எழுத்து, ஏ/பி, ஆண்களுக்கு ஏ/எல் (மகன்) உட்படப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதற்காக அவர் உங்கள் ஐ.சி. நகலைக் கேட்டால், முழுப் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தாலே பெரும்பாலும் போதும். நகல்தான் வேண்டும் என்றால், அதன் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு, ‘இந்த விடுதிப் பதிவுக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதி, அதற்குப் பிறகு படமெடுத்து அனுப்புங்கள்.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். உங்கள் பெயரில் பதிவாகி, விடுதியும் ஆம் என்று சொன்ன பிறகு ஒரு பங்கு. போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி விடுதியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதி. எதற்கு இரண்டாவது அழைப்பு என்றால், பதிவு உங்கள் பெயரில் இருந்தாலும் அதன் உரிமை உறுப்பினரிடம்தான். அவர் நினைத்தால் ரத்து செய்யலாம், வேறு பெயருக்கு மாற்றலாம். ஒரு சிறு தொகையைச் சாவி வாங்கிய அன்று தருகிறேன் என்று கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொண்டால் நல்லது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டாம். அவருக்கும் உங்களைத் தெரியாது. ஆனால் விடுதியில் பதிவு செய்யும் முன்பே முழுப் பணம் என்று பிடிவாதமாக நின்றால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

டுயிட்நவ் என்னும் உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாகப் பணம் போடும்போது, உறுதி செய்யும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். அவசரத்தில் நாம் அதைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பெயரும் உறுப்பினர் அட்டையில் உள்ள பெயரும் அவருடைய ஐ.சி.யில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மனைவி கணக்கு’, ‘கூட்டாளி கணக்கு’, ‘என் கணக்கில் கோளாறு’ என்றால் போடாதீர்கள். அதற்கு முன்பே அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே புகார் பதிவான எண் என்றால் அங்கே காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நல்லவர் என்று யாரும் சான்று கொடுத்ததாக ஆகாது.

ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வக்கீல் மொழி வேண்டாம். விடுதியின் பெயர், எந்த வகை வீடு, உள்ளே போகும் தேதி, வெளியே வரும் தேதி, மொத்தத் தொகை, எந்தத் தேதியில் எவ்வளவு, விடுதி உங்களை ஏற்காவிட்டால் எத்தனை நாளில் முழுப் பணமும் திரும்ப வரும், நீங்களே போக முடியாமல் போனால் என்ன கணக்கு. கடைசி இரண்டும்தான் பிறகு சண்டைக்கு வருபவை, அவற்றை விட்டுவிடாதீர்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-இல் தொடங்கியபோது தோட்டத்து மக்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்துப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பத்திரத்தை நம் வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்த பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்தால் தாள் வாங்க வேண்டும் என்பது நம் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதல்ல.

இன்னொன்று, உங்கள் கடிதத்திலேயே கண்ணில் பட்டது. மூன்று அறை வேண்டும் என்கிறீர்கள். அவர் தருவது இரண்டு படுக்கையறை. டைம்ஷேர் வீடுகளுக்கு 6/4 என்பது போல எழுதியிருப்பார்கள். ஆறு பேர் படுக்கலாம், அதில் நான்கு பேருக்குத்தான் தனி அறை, மற்ற இருவருக்குக் கூடத்து சோபாப் படுக்கை என்று அதற்குப் பொருள். மாமியார், நாத்தனார் குடும்பம், பிள்ளைகள் எல்லாரையும் தலை எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மேல் ஆள் என்றால் விடுதி கூடுதல் கட்டணம் கேட்கலாம், உள்ளே விடாமலும் இருக்கலாம். பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம் என்பது நம் வீட்டுக்குச் சரி, அங்கே தீயணைப்பு விதி இருக்கிறது. ஆள் கூடுதல் என்றால் பெரியவர்களுக்கு மட்டும் பக்கத்தில் ஓர் அறை இரண்டு மூன்று இரவுக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் மூன்று ஹோட்டல் அறையைவிட மலிவாகத்தான் வரும்.

வீட்டுக்காரருக்கு எத்தனை நாள் விடுப்பு கிடைக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டைம்ஷேர் வாரம் குறிப்பிட்ட கிழமையில்தான் தொடங்கும். மூன்றாம் நாளே திரும்பிவிட்டால் மீதி நாளுக்குக் காசு வராது. முகப்பில் வைப்புத்தொகை கேட்பார்கள், வெளியே வரும்போது திருப்பித் தருவார்கள். எவ்வளவு, ரொக்கமா அட்டையா என்று அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலா வரி ஓர் இரவுக்கு 10 வெள்ளி என்று யாராவது உங்களிடம் கேட்டால் கொடுக்க வேண்டாம், அது வெளிநாட்டவருக்கு மட்டும். உள்ளே போனதும் சாமான்களை இறக்கும் முன் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துவிடுங்கள். டுரியான் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: என் கணவர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு விடுதியில் டைம்ஷேர் உறுப்பினரானார். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். நான் தனியாக எங்கே போவது? கட்டணம் மட்டும் வருஷா வருஷம் வருகிறது. வாரத்தை வாடகைக்கு விடலாமா? ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டு, வாடகைக்கு எடுக்க ஆள் தயாராக இருக்கிறார், 900 வெள்ளி பதிவுக் கட்டணம் கட்டினால் உடனே முடித்துக் கொடுப்போம் என்கிறார்கள். – வாசகி, கூலிம்

பதில்: அம்மா, அந்த 900 வெள்ளியைக் கட்ட வேண்டாம். வாடகைக்கு எடுக்கத் தயாராக ஆள் இருக்கிறார் என்றால் அவர்கள் தங்கள் கூலியை அந்த வாடகையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம். ‘உங்கள் உறுப்பியத்தை விற்றுத் தருகிறோம், வாடகைக்கு விட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்’ என்பது பல நாடுகளில் டைம்ஷேர் உறுப்பினர்களைக் குறிவைக்கும் பழைய வேலை. பட்டியல் எப்படியோ அவர்கள் கைக்குப் போய்விடுகிறது. தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். உங்கள் கணவர் பெயர், விடுதிப் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு மனசு இளகிவிட வேண்டாம்.

வாடகைக்கு விடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உறுப்பியம் இன்னும் உங்கள் கணவர் பெயரில்தானே? காலமானவர் பெயரில் விருந்தினர் பதிவு செய்யப் போனால் ஏதாவது ஓர் இடத்தில் நின்றுவிடும், பணம் கொடுத்து வந்த குடும்பம் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். முதலில் மன்றத்துக்குக் கடிதம் எழுதுங்கள். மரணச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஒப்பந்த நகல் மூன்றையும் வைத்து, பெயர் மாற்றத்துக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அதே கடிதத்தில் இன்னும் இரண்டு கேளுங்கள்: ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது, இப்போதே விட்டுக்கொடுக்க விரும்பினால் என்ன வழி. பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை என்றால், உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு இன்னும் பல வருஷம் கட்டணம் சுமப்பது உங்களுக்கு நல்லதா என்று மாற்றுவதற்கு முன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். கணவர் ஆசையாக வாங்கியது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்தக் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

நம் நாட்டில் டைம்ஷேர் திட்டங்கள் 2016-ஆம் ஆண்டு ஸ்கிம் கெபெந்திங்கான் (ஆங்கிலத்தில் Interest Schemes) சட்டத்தின் கீழ், எஸ்.எஸ்.எம். என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவாக வேண்டியவை. மன்றம் கடிதத்துக்குப் பதில் தராமல் இழுத்தடித்தால் அங்கே எழுதலாம்.

பெயர் மாறிய பிறகு வாடகைக்கு விடுவதென்றால், மேலே சுங்கை சிப்புட் தங்கச்சிக்குச் சொன்னதை, வாடகைக்கு விடுகிறவர் பக்கத்திலிருந்து படியுங்கள். விருந்தினர் பதிவை நீங்களே செய்யுங்கள். உங்கள் உறுப்பினர் கணக்கின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள், அண்ணன் மகனாகவே இருந்தாலும். வருகிறவர்கள் எதையாவது உடைத்தால், பாக்கி வைத்துப் போனால் மன்றம் உங்களைத்தான் கேட்கும் என்பதால், சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பு என்று அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூலிமிலேயே உங்கள் கோயில் வட்டாரத்தில், தெரிந்த குடும்பத்துக்குக் கொடுக்க முடிந்தால் அதுதான் என் விருப்பம். பராமரிப்புக் கட்டணத்தை ஒட்டி ஒரு தொகை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது கட்டணம் கட்டி, அவர்கள் சொன்னதைச் செய்யவில்லை என்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும். இது வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் மேல் போடுவதற்குத்தான். தன் ஒரு வாரத்தை வாடகைக்கு விட்ட தனி ஆளோடு தகராறு என்றால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்காகப் போட வேண்டும். அங்கேயும் நீங்களே பேசலாம்.

கேள்வி: லங்காவியில் டைம்ஷேர் வாரம் என்று நம்பி ஒருவர் கணக்கில் 600 வெள்ளி முன்பணம் போட்டேன். மறுநாளே எண்ணை முடக்கிவிட்டார். முகநூல் பக்கமும் இல்லை. சின்னத் தொகைதான், விட்டுவிடலாமா? – வாசகர், தாப்பா

பதில்: விடாதீர்கள், தம்பி. கடிதத்தில் உங்கள் எண் இருந்ததால் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

பணம் போன உடனே கூப்பிட வேண்டிய எண் 997, தேசிய மோசடி உதவி மையம். 2022-இல் தொடங்கியது. காவல்துறையும் வங்கிகளும் சேர்ந்து, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் அதை முடக்கப் பார்ப்பார்கள். மணிக்கணக்கில்தான் வாய்ப்பு. நாள் கணக்கில் யோசித்தால் பணம் ஏழெட்டுக் கை மாறியிருக்கும். உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் சொல்லிவிட்டு, பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதுங்கள். தாப்பாவில் இருப்பவர் லங்காவிக்குப் போக வேண்டியதில்லை, எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். புலனப் பேச்சு முழுவதையும் அழிக்காமல் ஏற்றுமதி செய்து வையுங்கள். விளம்பரப் படம், கணக்கு எண், பணம் போட்ட ரசீது மூன்றையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள். கைப்பேசியை மட்டும் நீட்டினால் புகார் எழுதுகிறவருக்கு நேரமாகிறது, ஓர் எண் தவறினாலும் பயனில்லை.

600 வெள்ளி சின்னத் தொகை என்கிறீர்கள். அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள். நீங்கள் புகார் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு எண் செமாக் மியூலில் ஏறும். அடுத்து அதே கணக்கில் பணம் போடப் போகிற ஒரு வீட்டுக்கு அங்கே எச்சரிக்கை தெரியும்.

இனி கொஞ்ச நாளில் உங்களுக்கு வேறு ஓர் அழைப்பு வரலாம்: நாங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், பாதி கட்டணம் முதலில் கட்டுங்கள் என்று. காவல்துறையோ வங்கியோ அப்படிக் கட்டணம் கேட்பதில்லை. ஒரு வெள்ளி கூடக் கொடுக்காமல் அந்த எண்ணை எழுதி வைத்து, உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.